குமட்டலுக்கு வந்த கடிதங்கள்

1846 நவம்பர் 30 அன்று, ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையிலுள்ள ஸ்டோன்ஹேவன் என்ற சிற்றூரிலிருந்து ஆர்ச் ராம்சே என்ற மருந்துக்கடைக்காரர் அமெரிக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினார். யாருக்கு? கதாசிரியர் எட்கர் ஆலன் போவுக்கு. லண்டனில் அச்சான மெல்லிய பிரசுரம் ஒன்றை ராம்சே படித்திருந்தார். நியூயார்க்கில் காசநோயால் சாகக் கிடந்த ஒருவரை மெஸ்மெரிசம் என்ற வசிய முறையால் உறங்கவைத்தார்களாம். உயிர் போன பிறகும் அந்த உடல் ஏழு மாதம் கெடாமல் இருந்ததாம். கடைசியில் எழுப்ப முயன்றபோது, ஒரே நிமிடத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணெதிரிலேயே கட்டிலில் கரைந்து அழுகல் குழம்பாகிவிட்டதாம். ராம்சேக்கு மெஸ்மெரிசத்தில் நம்பிக்கை உண்டு. இது நடந்ததா, இட்டுக்கட்டியதா என்று எழுதியவரிடமே கேட்டுவிட்டார்.

போவின் பதில் டிசம்பர் 30 தேதியிட்டது. புரளி என்ற சொல்தான் இதற்குச் சரியாகப் பொருந்தும், சிலர் நம்புகிறார்கள், நான் நம்பவில்லை, நீங்களும் நம்ப வேண்டாம் என்று எழுதினார். அதோடு விடவில்லை. உங்கள் ஊரில் ஆலன் குடும்பத்தார் யாரையாவது தெரியுமா, எனக்கு உறவாக இருக்கக்கூடும் என்று கீழே விசாரித்திருந்தார். உலகத்தைக் குமட்டவைத்தவர், சாவகாசமாகச் சொந்தக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்தார்!

பயமுறுத்தும் கதை வேறு, குமட்டவைக்கும் கதை வேறு. ஆன் ராட்க்ளிஃப் என்ற ஆங்கில நாவலாசிரியை இறந்தபின் 1826-இல் வெளிவந்த கட்டுரையில், மனத்தை விரியச் செய்யும் அச்சத்தையும் சுருங்கி உறையச் செய்யும் கொடூரத்தையும் பிரித்துக் காட்டினார். முன்னதுதான் உயர்ந்தது என்பது அவர் தீர்ப்பு. 1981-இல் அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங் இந்த இரண்டுக்கும் கீழே மூன்றாவதாக ஒரு படியைச் சேர்த்தார்: அருவருப்பு. முதலில் அச்சமூட்டப் பார்ப்பேன், முடியாவிட்டால் கொடூரம், அதுவும் முடியாவிட்டால் குமட்டலில் இறங்கிவிடுவேன், எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது என்று ஒப்புக்கொண்டார். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் அட்டு உண்பதைப் படித்திருக்கும் தமிழ் வாசகருக்கு, இந்த மூன்றாவது படி ஒன்றும் புதிதல்ல. ஆனால் ஜெயங்கொண்டாருக்கு வாசகர் கடிதம் வந்திருக்காது. பத்திரிகை, தபால், சந்தா என்ற மூன்றும் சேர்ந்த பிறகுதான் அருவருப்புக்கு ஒரு கணக்கு வழக்கு பிறந்தது.

அந்தக் கணக்கை முதலில் வெளிப்படையாகப் பேசியவரும் போதான்.

1835 மார்ச் மாதம், வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்டிலிருந்து வந்துகொண்டிருந்த 'சதர்ன் லிட்டரரி மெசஞ்சர்' இதழில் 'பெரெனிஸ்' என்ற அவருடைய கதை வெளியானது. ஈகியஸ் என்பவன் தான் மணக்கவிருக்கும் அத்தை மகள் போன்ற உறவுப்பெண் பெரெனிஸின் பற்களைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாமல் போகிறான். வலிப்பு கண்டு அசைவற்றுக் கிடந்தவளைச் செத்துவிட்டாள் என்று புதைத்துவிடுகிறார்கள். இரவில் அவன் தன்னிலை திரும்பும்போது உடையெல்லாம் மண்ணும் ரத்தமும். சுவரில் மண்வெட்டி சாய்ந்திருக்கிறது. மேசையிலிருந்து எடுத்த ஒரு பெட்டி கைநழுவி விழுகிறது. பல்மருத்துவக் கருவிகளோடு முப்பத்திரண்டு வெள்ளைத் துண்டுகள் தரையில் சிதறுகின்றன. புதைகுழியிலிருந்து எடுத்தபோது அவளுக்கு உயிர் இருந்தது என்பதையும் வேலைக்காரன் சொல்லிவிடுகிறான்.

இன்று படித்தால் நாடகத்தனம் கொஞ்சம் தூக்கலாகவே தெரியும். அன்றைய வாசகருக்கு அப்படி இல்லை. பொய்ப்பற்கள் செய்ய மனிதப் பற்களையே பயன்படுத்திய காலம் அது. 1815-இல் வாட்டர்லூ போர்க்களத்தில் செத்துக்கிடந்த வீரர்களின் வாயிலிருந்து பிடுங்கிய பற்கள் ஐரோப்பிய பல்மருத்துவர்களிடம் நல்ல விலைக்குப் போயின. கல்லறைத் திருடர்கள் பற்களுக்காகவே பிணத்தைத் தோண்டியதும் உண்டு. தன் வாயில் இருக்கும் பல் யாருடையது என்று தெரியாத வாசகர், ஒரு கனவானின் வீட்டுத் தரையில் முப்பத்திரண்டு பற்கள் உருண்டதைப் படித்தார்.

இதழின் முதலாளி தாமஸ் வில்லிஸ் வைட் சங்கடப்பட்டுப் போவுக்கு எழுதினார். ஏப்ரல் 30 அன்று போ அனுப்பிய பதில், இந்தத் தொழிலின் முதல் வியாபார அறிக்கை என்றே சொல்லலாம். கதைப்பொருள் அளவுக்கு மீறிக் கொடூரமானதுதான் என்று முதலில் ஒத்துக்கொள்கிறார். இப்படிப்பட்ட விஷயத்தை வேடிக்கையாக இல்லாமல் எழுதி எடுபடச் செய்ய முடியாது என்று ஒருவர் பந்தயம் கட்டியதால் எழுதினேன் என்கிறார். அதன் பிறகு குரல் மாறுகிறது. பேர்பெற்ற பத்திரிகைகள் எல்லாமே இப்படிப்பட்ட கதைகளால்தான் பேர்பெற்றன என்கிறார். இதெல்லாம் மட்டமான ரசனை என்று நீங்கள் சொல்லலாம், எனக்கு அதில் சந்தேகம் உண்டு என்கிறார். மதிக்கப்பட வேண்டுமானால் முதலில் படிக்கப்பட வேண்டும், என் கதையின் பலனை யார் என்ன சொன்னார்கள் என்பதை வைத்துப் பார்க்காதீர்கள், இதழின் விற்பனையை வைத்துப் பாருங்கள் என்று முடிக்கிறார். மாதம் ஒரு கதை தருகிறேன் என்ற வாக்குறுதியும் கூடவே வருகிறது.

வைட் பயந்து ஒதுங்கினாரா? இல்லை. அதே ஆண்டில் போவைத் தன் இதழில் வேலைக்கு அமர்த்திக்கொண்டார். பத்து ஆண்டுகள் கழித்து, 'பிராட்வே ஜர்னல்' இதழில் கதையை மறுபடி வெளியிட்டபோது, சவப்பெட்டியில் கிடக்கும் பெரெனிஸை ஈகியஸ் பார்க்கும் சில பத்திகளைப் போ தாமாகவே வெட்டிவிட்டார். பற்களில் கை வைக்கவில்லை.

அந்த 1845-ஆம் ஆண்டின் கடைசியில்தான் ராம்சேயைக் கலக்கிய வால்டெமார் கதை வந்தது. 'அமெரிக்கன் ரிவ்யூ' பத்திரிகையின் டிசம்பர் இதழில் வெளியான அந்தக் கதையின் தலைப்பே 'திரு. வால்டெமார் விவகாரத்தின் உண்மைகள்' என்ற தோரணையில் இருந்தது. எங்கும் கதை என்ற அடையாளம் இல்லை. நோயாளி வசிப்பது ஹார்லெம் என்று இடம் சொல்லப்படுகிறது. டாக்டர்களின் பெயர்கள், மானம் காப்பதற்காக மறைத்ததுபோல, முதல் எழுத்தும் ஒரு கோடுமாக இருக்கின்றன. குறிப்பெடுக்க ஒரு மருத்துவ மாணவரை உட்காரவைத்திருக்கிறார்கள். நோயாளியின் இடது நுரையீரல் எந்த அளவு கெட்டியாகிவிட்டது, வலது நுரையீரலில் எங்கெங்கே சீழ் என்றெல்லாம் பிரேதப் பரிசோதனை அறிக்கைபோல வரிசையாக வருகிறது. நாடி, மூச்சு, மணி எல்லாம் பதிவாகின்றன. செத்தவர் வாய் திறந்து, தான் செத்துவிட்டதாகச் சொல்கிறார். கறுத்து வீங்கிய நாக்கு மட்டும் அதிர்கிறது, உதடு அசையவில்லை. ஏழு மாதம் கழித்து எழுப்புகிறார்கள். கடைசி வாக்கியத்தில் கட்டிலில் மிஞ்சுவது ஏறக்குறைய திரவம்.

நம்பியவர்களைப் பார்த்துச் சிரிப்பது இன்று சுலபம். அன்றைய நிலவரத்தையும் பார்க்க வேண்டும். 1845 ஏப்ரலில்தான் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், மெஸ்மெரிசத்தால் உறங்கவைத்து அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கியிருந்தார். முதல் நோயாளி ஒரு சிறைக்கைதி. பெரிய பெரிய கட்டிகளை நோயாளி முனகாமல் அறுத்தெடுத்ததாக அவர் எழுதிய புத்தகம் 1846-இல் வெளிவந்தது. லண்டனில் ஜான் எலியட்சன் என்ற பெரிய டாக்டர் இதற்காகவே வேலையை உதறிவிட்டுத் தனிப் பத்திரிகை நடத்தினார். ஈதர் கொடுத்து மயக்கி அறுவை செய்யலாம் என்று பாஸ்டன் மருத்துவமனையில் எல்லோர் முன்னிலையிலும் காட்டப்பட்டது 1846 அக்டோபர் 16 அன்றுதான். ஆக, போவின் கதை வந்தபோது வலியில்லாத அறுவைக்கு மெஸ்மெரிசமே பலருடைய நம்பிக்கை. சாகும் தறுவாயில் அதைச் செய்தால் என்ன ஆகும் என்பது அசட்டுக் கேள்வியாக யாருக்கும் படவில்லை.

எதிர்வினைகள் வரிசைகட்டி வந்தன. ராபர்ட் காலியர் என்ற மெஸ்மெரிசக்காரர் பாஸ்டனிலிருந்து எழுதினார்: ஊரெல்லாம் இதே பேச்சு, எனக்கு இதில் சந்தேகமே இல்லை, நானும் செத்தவர் என்று கைவிட்ட ஒருவரை எழுப்பியிருக்கிறேன், பொதுமக்களின் ஐயத்தைத் தீர்க்க ஒரு வரி எழுதி அனுப்புங்கள். போ ஒரு வரி அனுப்புவதற்குப் பதில், அந்தக் கடிதத்தையே தன் 'பிராட்வே ஜர்னல்' இதழில் போட்டுவிட்டார்! அதற்கு ஒரு வாரம் முன்னால் கதையை அங்கே மறுபதிப்பும் செய்திருந்தார். இதன் உண்மை பொய் பற்றி விவாதம் நடக்கிறது, நான் அதைப் பற்றி எதுவும் சொல்வது முறையல்ல என்று நல்ல பிள்ளையாக ஒரு முன்குறிப்பு. அடக்கமாகத் தோன்றும் இந்த மூன்று நான்கு வரிகளைவிடக் கெட்டிக்கார விளம்பரம் அந்த நூற்றாண்டில் அதிகம் கிடையாது.

கடல் கடந்தும் போயிற்று. லண்டன் பத்திரிகைகள் அமெரிக்காவில் மெஸ்மெரிசம் என்று செய்திபோல வெளியிட்டன. கதை என்று சொல்லாமலேயே அதைத் தனிப் பிரசுரமாகப் போட்டு விற்றார்கள். ராம்சே கையில் கிடைத்தது அதுதான். கவிஞர் எலிசபெத் பாரெட், தங்கள் வட்டாரத்தில் எல்லோரையும் இந்தக் கதை கலவரப்படுத்திவிட்டதாகவும், உண்மையாக இருக்குமோ என்ற பயங்கர சந்தேகத்தைக் கிளப்பிவிட்டதாகவும் போவுக்கு எழுதினார். ஃபிலிப் பென்டில்டன் குக் என்ற வர்ஜீனியக் கவிஞர், மனித மூளை யோசித்ததிலேயே மயிர்க்கூச்செறியவைக்கும் கதை இதுதான் என்று எழுதியதோடு, செத்தவரின் அந்தக் குரலைப்போல ஒரு கற்பனை இதற்கு முன் வந்ததே இல்லை என்றும் சொன்னார்.

இந்தக் கடிதங்களில் ஒன்றைக் கவனிக்கலாம். கடைசி வாக்கியத்தின் அழுகல் குழம்பைப் பற்றி நேராகப் புகார் சொல்பவர் குறைவு. பெரும்பாலோருடைய கேள்வி நடந்ததா என்பதுதான். குமட்டல் வேலை செய்தது குழம்பால் அல்ல. அதற்கு முன் பக்கம் பக்கமாக வந்த நுரையீரல் விவரத்தால்.

அந்த விவரம் புத்தகத்திலிருந்து மட்டும் வந்ததுமல்ல. போவின் மனைவி வர்ஜீனியாவுக்கு 1842 ஜனவரியிலிருந்தே காசநோய். ஃபோர்டாம் என்ற இடத்தில் அவர்கள் குடியிருந்த சின்னஞ்சிறு வீட்டுக்கு 1846 இலையுதிர் காலத்தில் போன மேரி கோவ் என்ற எழுத்தாளர் கண்டதை எழுதிவைத்திருக்கிறார். வைக்கோல் மெத்தை, வெள்ளை விரிப்பு, போர்த்திக்கொள்ளக் கம்பளி இல்லாமல் கணவனின் பெரிய மேலங்கி, சூட்டுக்காக நோயாளியின் மார்பின்மேல் ஒரு பூனை. நம்ப வேண்டாம் என்று ராம்சேக்குப் போ பதில் எழுதியது அந்த வீட்டில் இருந்த நாட்களில்தான். சரியாக ஒரு மாதம் கழித்து, 1847 ஜனவரி 30 அன்று, வர்ஜீனியா இறந்தார்.

அடுத்த கட்டத்தில் கடிதத்தின் இடத்தை மயக்கம் பிடித்துக்கொண்டது. பாரிஸில் பிகால் பகுதியில், பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் 1897-இல் தொடங்கிய கிராண் கின்யோல் நாடக அரங்கில் முந்நூறுக்கும் குறைவான இருக்கைகளே இருந்தன. கண்ணைத் தோண்டுவது, முகத்தில் அமிலம் வீசுவது, தலையை அறுப்பது எல்லாம் முன்வரிசைக்கு எட்டும் தூரத்தில் நடக்கும். இரவில் எத்தனை பேர் மயங்கி விழுந்தார்கள் என்பதே நாடகத்தின் வெற்றிக்கு அளவுகோல். அரங்கை நடத்திய மாக்ஸ் மோரே, மயங்குபவர்களைக் கவனிக்க டாக்டர் ஒருவரை நிரந்தரமாக வைத்துக்கொண்டார். டாக்டர் இருக்கிறார் என்ற செய்திதான் டிக்கெட் விற்றது. அங்கே நிறைய நாடகம் எழுதிய ஆந்த்ரே த லோர்த் போவின் கதை ஒன்றையும் மேடையேற்றியிருக்கிறார். மனித அறிவை அளக்கும் சோதனைக்குப் பேர்போன உளவியலாளர் ஆல்ஃப்ரெட் பினே அவருடன் சேர்ந்து நாடகங்கள் எழுதினார் என்பது கொஞ்சம் திகைக்கவைக்கும் தகவல். பைத்தியக்கார விடுதிக் காட்சிகளுக்கு மருத்துவ விவரம் அவரிடமிருந்து கிடைத்தது. அரங்கு 1962-இல் மூடப்பட்டது.

இதற்கிடையே அமெரிக்காவில் மலிவுக் காகிதத்தில் வந்த இதழ்களின் காலம் பிறந்தது. 1923-இல் தொடங்கி அடுத்த ஆண்டே கடனில் தத்தளித்த 'வியர்ட் டேல்ஸ்', 1924 மே, ஜூன், ஜூலை மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஒரு தடித்த இதழ் போட்டது. அதில் சி. எம். எடி எழுதி, எச். பி. லவ்கிராஃப்ட் திருத்திக்கொடுத்த 'தி லவ்ட் டெட்' வந்தது. பிணங்களின் அருகில் மட்டுமே இன்பம் காணும் ஒருவன், கல்லறைத் தோட்டத்தில் ஒளிந்திருந்து தானே சொல்லும் வாக்குமூலம். இண்டியானா மாநிலத்தில் இதழைக் கடையிலிருந்து அகற்றச் சொன்னார்கள் என்ற பேச்சு கிளம்பியது. அந்தத் தடை எந்த அளவுக்கு நடந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் பேச்சின் பலன் நிச்சயம். அடுத்து வந்த ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட் சூடுபட்ட பூனையானார். 1925-இல் லவ்கிராஃப்ட் அனுப்பிய 'இன் த வால்ட்' கதையை, இண்டியானா தணிக்கைக்காரர்கள் விடமாட்டார்கள் என்று திருப்பி அனுப்பினார். அது அதே 'வியர்ட் டேல்ஸ்' இதழில் வர 1932 ஆயிற்று. ஒரு கதைக்கு எழுந்த எதிர்ப்பு, இன்னொரு கதையை ஏழு ஆண்டு காக்கவைத்தது.

போ கிளப்பிய ரசனை வழக்கு நீதிமன்றம் போன்ற ஓர் இடத்துக்கு வந்தது 1954-இல். ஈ.சி. காமிக்ஸ் என்ற நிறுவனம் 1950 முதல் படக்கதை இதழ்களில் அருவருப்பை உச்சத்துக்குக் கொண்டுபோயிருந்தது. 1953-இல் வந்த ஒரு கதையில், எதிரணி வீரனை விஷம் வைத்துக் கொன்ற பேஸ்பால் வீரனைக் கூறுபோட்டு, குடலால் கோடு போட்டு, தலையைப் பந்தாக்கி நள்ளிரவில் ஆட்டம் ஆடுகிறார்கள். வாசகர் கடிதப் பக்கத்தையே கிழவிச் சூனியக்காரியும் கல்லறைக் காவலனும் நடத்துவதாக அமைத்திருந்தார்கள். திட்டி எழுதினால் அதுவும் பாராட்டாகவே அச்சாகும்.

சிறார் குற்றங்களை விசாரித்த செனட் துணைக்குழு, 1954 ஏப்ரல் 21 அன்று நியூயார்க்கில் கூடியது. ஈ.சி.யின் உரிமையாளர் வில்லியம் கெயின்ஸ் தாமே முன்வந்து சாட்சி சொன்னார். செனட்டர் எஸ்டெஸ் கெஃபாவர் ஓர் அட்டைப்படத்தைத் தூக்கிக் காட்டினார். ஒரு கையில் ரத்தக் கோடாலி, மறுகையில் தலைமுடியைப் பிடித்துத் தொங்கவிட்ட பெண்ணின் தலை. இது நல்ல ரசனையா என்று கேட்டார். திகில் இதழின் அட்டைக்கு நல்ல ரசனைதான் என்றார் கெயின்ஸ். தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுவது தெரியும்படி வரைந்திருந்தால்தான் மட்டமான ரசனையாகும் என்று விளக்கமும் சொன்னார். வாயிலிருந்துதான் ரத்தம் வருகிறதே என்று கெஃபாவர் விடவில்லை. கொஞ்சம்தான் என்றார் கெயின்ஸ். மறுநாள் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. அந்த ஆண்டே படக்கதைப் பதிப்பாளர்கள் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாட்டு விதியை எழுதிக்கொண்டார்கள். ஈ.சி.யின் திகில் இதழ்கள் அதோடு நின்றன. விற்பனையை வைத்துப் பாருங்கள் என்று போ வைட்டிடம் சொன்னது எடுபட்டது. அதே வாதம் செனட் குழுவின் முன் எடுபடவில்லை, ஏனென்றால் அங்கே கேள்வி, வாங்கியவர்கள் சிறுவர்கள் என்பது.

ரத்தத்தின் அளவுக்கும் கடிதங்களின் அளவுக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சனின் 'தி லாட்டரி' கதை போதும். 1948 ஜூன் 26 தேதியிட்ட 'நியூயார்க்கர்' இதழில் வந்தது. ஒரு கிராமத்தில் ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கிப் போட்டு, சீட்டு விழுந்தவரைக் கல்லால் அடித்துக் கொல்கிறார்கள். முதல் கல் படும் இடத்தில் கதை முடிந்துவிடுகிறது. ஒரு சொட்டு ரத்தம் வர்ணிக்கப்படவில்லை. அந்தக் கோடையில் முந்நூறுக்கு மேல் கடிதங்கள் வந்ததாகவும், அன்பாக எழுதியவை பதின்மூன்றுதான், அவையும் பெரும்பாலும் நண்பர்களுடையவை என்றும் ஜாக்சன் பின்னாளில் ஒரு சொற்பொழிவில் சொன்னார். பெற்ற தாயே, எனக்கும் அப்பாவுக்கும் கதை பிடிக்கவில்லை என்று எழுதினாராம். சந்தாவை நிறுத்தியவர்களும் வசைபாடியவர்களும் ஒருபுறம். ஜாக்சனை அதிரவைத்தவர்கள் வேறு வகை: இந்தச் சீட்டுக் குலுக்கல் எந்த ஊரில் நடக்கிறது, போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டவர்கள்! ராம்சேயின் கேள்விதான், நூறு ஆண்டு கழித்து. ஆனால் ராம்சே அறிவியலுக்காகக் கேட்டார். இவர்கள் வேடிக்கை பார்க்கக் கேட்டார்கள்.

ஸ்டீபன் கிங் 1982-இல் வெளியிட்ட 'சர்வைவர் டைப்' கதையில், ஆளில்லாத் தீவில் ஒதுங்கிய அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் பசிக்குத் தன் உடலையே பாகம் பாகமாக அறுத்து உண்கிறார். நாட்குறிப்பு வடிவில், தேதியிட்டு, கத்தி வைத்த இடம் உட்பட எழுதப்பட்டது. ஒருவர் தன்னையே தின்று எத்தனை காலம் தாங்கலாம் என்று கிங் டாக்டர் ஒருவரிடம் விசாரித்துவிட்டுத்தான் எழுதினார். எனக்கே கொஞ்சம் அதிகம்தான் என்று பிறகு சொன்னவரும் அவரே.

இந்த வரிசையில் அண்மைக் காலத்தில் பெரும் சத்தம் எழுப்பியது அமெரிக்க நாவலாசிரியர் சக் பாலனிக்கின் 'கட்ஸ்'. குடல் என்று பொருள். 2003-இல் தன் நாவலுக்கான பயணத்தில் புத்தகக் கடை புத்தகக் கடையாக அவர் இதை வாசித்தார். 2004 மார்ச்சில் 'பிளேபாய்' இதழில் அச்சாகி, 2005-இல் 'ஹாண்டட்' நூலில் சேர்ந்தது. தனியே இருக்கும்போது செய்யும் அசட்டுக் காரியங்களால் உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களின் கதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கடைசியில் நீச்சல்குளத்தின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் துளையில் ஒருவன் சிக்கிக்கொள்கிறான். மேலே வர வேண்டுமானால் அவன் என்ன செய்தாக வேண்டும் என்பதை இங்கே சொல்ல வேண்டாம். தலைப்பிலேயே இருக்கிறது. பயிலரங்க நண்பர்களுக்கு வாசித்தபோது யாரும் மயங்கவில்லை. கூட்டங்களில் விழத் தொடங்கினார்கள். அமெரிக்கா, இங்கிலாந்து, இத்தாலி என்று எண்ணிக்கை அறுபதைத் தாண்டி, பிறகு எழுபதையும் தாண்டியதாகச் சொல்லப்பட்டது. எண்ணியவர் பாலனிக். கின்யோல் டாக்டரை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் ஏற்பார்கள்.

ஆனாலும் மயக்கம் பொய்யல்ல, அதற்கு உடல் காரணம் உண்டு. சாதாரண பயத்தில் இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், மயக்கம் வராது. ரத்தத்தையும் உடல் காயத்தையும் பார்க்கும்போது, கேட்கும்போதுகூட, சிலருக்கு முதலில் ஏறிய அழுத்தம் சட்டென்று சரிகிறது. இதயத் துடிப்பு தணிகிறது, மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது, ஆள் சாய்ந்துவிடுகிறார். ஊசி போடும்போது மயங்குகிறவர்களுக்கு நடப்பதும் இதுதான். நெரிசலான, புழுக்கமான கடையில் நெடுநேரம் நிற்பது இதைச் சுலபமாக்குகிறது. பாலனிக் இன்னொன்றும் செய்கிறார். கதையைத் தொடங்கும்போதே, கேட்பவர்களை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்.

இந்தக் கதைக்கும் பழைய கேள்வியே எழுந்தது. நடந்ததா? தான் கேள்விப்பட்ட உண்மைச் சம்பவங்களே அடிப்படை என்று பாலனிக் சொல்லிவந்தார். உறிஞ்சும் துளை விஷயத்தில் மருத்துவமும் சட்டமும் அவர் பக்கம். குளத்தின் அடித்துளையில் உட்கார்ந்த குழந்தைகளின் குடல் வெளியே இழுக்கப்பட்ட சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. மூழ்கி இறந்தவர்களும் உண்டு. அமெரிக்கக் காங்கிரஸ் 2007-இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றி, பொது நீச்சல்குளங்கள் எல்லாவற்றிலும் ஆளைப் பிடித்து இழுக்காத மூடி போட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அந்தச் சட்டத்துக்குக் காரணம் பாலனிக்கின் கதை அல்ல, பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரின் போராட்டம்.

இத்தனை ஆண்டுக் கடிதங்களையும் மயக்கங்களையும் சேர்த்துப் பார்த்தால், போவின் வால்டெமாருக்கே முதலிடம் தரத் தோன்றுகிறது. கெயின்ஸிடம் ரத்தம் அதிகம், பாலனிக்கிடம் துணிச்சல் அதிகம். ஆனால் ஒரு மருந்துக்கடைக்காரரை, தொழில் தெரிந்தவரை, கடல் தாண்டிக் கடிதம் எழுதவைத்தது நுரையீரலைப் பற்றிய அந்த வறண்ட பத்திகள்தான். கதைக்கு இப்போது காப்புரிமை இல்லை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். சாப்பாட்டுக்கு முன்னால் படியுங்கள். 'கட்ஸ்' கதையை யாராவது உரக்க வாசிக்கும் கூட்டத்துக்குப் போக நேர்ந்தால், நாற்காலி பிடித்து உட்கார்ந்துகொள்ளுங்கள், அவர் மூச்சைப் பிடிக்கச் சொன்னால் பிடிக்காதீர்கள்.